பாதிரியாரின் மாவு நாடா

சூரமங்கலத்தில் ஒரு இத்தாலிக்காரப் பாதிரியாருக்கு நான் சமையல்காரன். மைதாவில் முட்டை ஊற்றிப் பிசைந்து, நாடா போல நறுக்கி, நிழலில் உலர்த்தி, வண்டு வராமலிருக்க வேப்பிலை போட்டுத் தகர டப்பாவில் வைப்பேன். உப்புத் தண்ணீரில் வேகவைத்து வெண்ணெய் போட்டுக் கொடுத்தால் அவருக்குப் போதும்.

யுத்தம் வந்ததும் எதிரி நாட்டான் என்று போலீஸ் அவரைக் கூட்டிப் போனது. "டப்பாவை வெச்சிரு, வந்து சாப்பிடறேன்" என்றார். என் வீட்டில் வைத்திருந்தேன். அரிசி கிடைக்காத வருஷம், "பசிக்குதுங்கப்பா" என்று டப்பாவைத் தொட்ட மகளை அறைந்தேன். அடுத்தவர் பொருளாம்! அந்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள்.

அவர் வரவே இல்லை. ஒருநாள் திறந்தேன். வேப்பிலைச் சருகுக்கடியில் உளுத்த மாவும் வண்டும்தான். பெற்ற பிள்ளைக்கு இல்லை என்றதை வண்டுக்குப் போட்டு வளர்த்திருக்கிறேன்.