கார்குழலியின் ஒன் மோர்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் கார்குழலி வீடு எது என்று கேட்டால், ‘பெரிய வயலின் வாசிக்குமே, அந்தப் பொண்ணா?’ என்பார்கள். ஐயா, அது வயலின் இல்லை, வியோலா. வயலினுக்குக் கொஞ்சம் உடம்பு போட்ட அக்கா. ராயபுரத்தில் இலவச இசை வகுப்பில் சேரப் போன அன்று பஸ் லேட். வயலின் எல்லாம் போய்விட்டது. சீந்துவாரில்லாமல் கிடந்தது இது ஒன்றுதான். போனால் போகிறதென்று தோளில் வைத்தவள், பிறகு இறக்கவே இல்லை.

பத்தொன்பது வயதில் சினிமாப் பாட்டு ரெக்கார்டிங்குக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம். தப்பாக வாசித்தால் மறைக்கக் கூடாது. வில்லைத் தூக்கி ‘சார், ஒன் மோர்’ என்று சொல்லிவிட வேண்டும். டேக் மறுபடி போகும். எட்டு வருஷத்தில் அது அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா பீம்ராவுக்கும் அது தொற்றிக்கொண்டது. மீன் குழம்பு ருசித்தால் தட்டை நீட்டி ‘ஒன் மோர்’ என்பார்.

அவள் ஆசைப்பட்டதோ ஒரு சிம்பொனி இசைக்குழுவில் நிரந்தர நாற்காலிக்கு. அதற்காகவே ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருஷம் படித்தாள். குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். ஆள் யாரென்று தெரியக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. கடைசிச் சுற்றில் ஒரு சுரம் சறுக்கியது. "சார், ஒன் மோர்" என்றாள் கணீரென்று. அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று நமக்கே வயிறு எரிகிறது. அவள் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் வில்லை எடுத்தாள்.

மறு வருஷம் வேறொரு நகரம், அதே மாதிரி திரை. பாதியில் விரல் வழுக்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, நிற்காமல், மிச்சத்தை வாசித்து முடித்தாள். சாயங்காலம் பெயரைச் சொன்னார்கள். வந்திருந்த நாற்பத்தொரு பேரில் கார்குழலி ஒருத்திதான்.

மறுநாள் நம்மூர் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்து அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நைனா, சீட்டு கெட்ச்சிடுச்சு."

பீம்ராவுக்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் ஸ்பீக்கரைப் போட்டு, துறைமுக ஷெட்டில் சோறு தின்றுகொண்டிருந்தவர்கள் பக்கம் போனை நீட்டினார்.

"ஒன் மோர் சொல்லுமா," என்றார். "அல்லாரும் கேக்கட்டும்."