அடுப்படியில் படித்தவள்

கம்பி நாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கருகிய பால் லேசில் விடாது. முந்தின நாளே சோடா உப்பும் வெந்நீரும் ஊற்றி ஊறப்போட்டிருந்தும் நடுவில் உள்ளங்கையளவு கறுப்பு அப்படியே இருந்தது. மணி ஒன்பதரை. பத்துக்கு நர்ஸ் வருவாள். அதற்குள் பாத்திரம் வெளுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது பாத்திரம். முதல் இரண்டையும் யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டாகிவிட்டது. மூன்றாவதில் வந்த புகை ஜன்னல் வழியாகப் போய், கீழ்வீட்டுத் தையல்காரர் வாளியில் தண்ணீரோடு மாடியேறி வந்துவிட்டார். அவர் சும்மா இருந்திருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். அவரோ இவள் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார்.

தெருவில் அவளைக் கதைக்காரம்மா என்பார்கள். வயது எழுபத்தொன்று. ஒன்பது நாவல்கள் வந்திருக்கின்றன. பெரிய பேர் ஒன்றுமில்லை. வாடகை நூலகங்களில் அட்டை கிழியும் அளவுக்கு ஓடும், அவ்வளவுதான். சோறு போட்டது வேறு வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை அச்சடிக்கும் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தினாள். 'உணவுக்குப் பின்' என்பது 'உணவுக்கு முன்' ஆகிவிட்டால் ஆள் காலி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை அது. கணவன் போய்ப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை. மாடியில் இரண்டு அறை, நான்கு அலமாரி புத்தகம், ஒரு மேஜை.

காலை ஆறு மணிக்கு எழுவாள். பால் புதிதாகக் காய வேண்டும், காபித்தூள் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறி வடிய வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். முதல் கோப்பையை அடுப்பருகிலேயே நின்று, படித்துக்கொண்டே குடிப்பாள். நாளில் அவளுக்குப் பிடித்த அரைமணி அது. எட்டு மணிக்கு எழுத உட்காருவாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் சாக்லேட் துண்டுகள் இருக்கும். ஒரு பக்கம் முடிந்தால் ஒரு துண்டு என்பது கணக்கு. எழுதிய பக்கத்தை அடித்துவிட்டால்? தின்றதைத் திருப்பியா கொடுக்க முடியும் என்று அதை அப்படியே விட்டுவிடுவாள்.

தங்கை ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். வரும்போதே பேச்சு.

"என்னக்கா, தடயத்தை அழிக்கிறியா?"

"பாத்திரம் தேய்க்கிறேன்டி."

"தேய், தேய். அடி ஓட்டையாகி அந்தப் பக்கம் என் மூஞ்சி தெரியற வரைக்கும் தேய். உனக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன். புது திரை போட்டிருக்கேன்."

தங்கை வீடு நல்ல வீடுதான். ஆனால் அங்கே காபி கிடையாது. காலையில் பார்லித் தண்ணீர். ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும். இனிப்பு வகையறா எல்லாம் பூட்டிய அலமாரியில். ஒரு வாரம் போய் இருந்ததில் ஒரு வரி எழுத ஓடவில்லை.

"உன் வீட்டுக்கு வந்தா நான் நூறு வயசு இருப்பேன். அதான் பயமா இருக்கு" என்றாள் அக்கா.

"இங்கயே இருந்தா தீப்பிடிச்சு சாவ. நர்ஸ் வந்து சொல்லட்டும். மறதின்னு அவ எழுதிட்டா, மறுபேச்சு பேசாம கிளம்பணும். ஒத்துக்கிட்டேல்ல?"

ஒத்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. வாடகைக்காரர் ஒருத்தர் தீ வைத்துக்கொள்வதை எந்த வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க மாட்டார்.

நர்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டாள், கை கழுவ இடம் கேட்டாள், நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டாள். வேலை தெரிந்தவள்.

"அம்மா, இது இருபது மார்க் பரீட்சை. பதினெட்டு வந்தா தனியா இருக்கலாம். குறைஞ்சா கூட ஆள் வேணும்னு எழுதிடுவேன். சர்க்கரை இருக்கா?"

"எல்லைக் கோட்டுல நிக்குது. தாண்டலை."

"கோட்டு மேலயே உக்காந்து சாக்லேட் தின்னுக்கிட்டிருக்கா" என்றாள் தங்கை.

தேதி, கிழமை, மாதம் எல்லாம் சரியாக வந்தன. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதும் தடங்கலில்லாமல் போனது. மூன்று சொற்களை ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, நர்ஸ் இடையில் தும்மியதையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள்.

"இதைப் படிச்சு, இதுல போட்டிருக்கிறபடி செய்யுங்க."

அட்டையில் 'கண்களை முடவும்' என்று இருந்தது. கதைக்காரம்மா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, 'மு'வுக்குச் சுழி போட்டு 'மூ' ஆக்கி, ஓரத்தில் திருத்தக் குறியும் இட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கண்கள் திறந்தே இருந்தன.

"அம்மா, செய்யணும்."

"செஞ்சுட்டேனே."

"திருத்தச் சொல்லலை. கண்ணை மூடச் சொல்லியிருக்கு."

"முடச் சொல்லியிருந்தது. நான்தான் மூடச் சொல்ல வச்சேன்."

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு மார்க்கைக் கழித்தாள். படிவம் படிவம்தான்.

"போகட்டும். இதுக்கு ரெண்டு மார்க். ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்க. உங்க இஷ்டம். மூணு நிமிஷம்."

தங்கைக்கு உயிர் வந்தது. "ஒன்பது புத்தகம் எழுதினவ. இதுல கோட்டை விடமாட்டா" என்றாள். அக்கா தோற்க வேண்டும் என்று வந்தவள், பழக்கதோஷத்தில் அக்கா பக்கம் பேசிவிட்டாள்.

கதைக்காரம்மா 'மழை நின்றுவிட்டது' என்று எழுதினாள். பார்த்தாள். 'விட்டது' எதற்கு? நின்றது போதும். 'மழை நின்றது.' யார் பார்த்த மழை? அடித்தாள். 'அவள் ஜன்னலைத் திறந்தபோது மழை நின்றிருந்தது.' அவள் யார்? அடித்தாள்.

"கதையிலயா, வெளியிலயா?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"இந்த வாக்கியத்தைச் சொல்றது யாரு?"

"நீங்கதான்மா. நேரம் ஓடுது."

மூன்று நிமிஷம் முடிந்தபோது தாளில் ஏழு வரிகள் இருந்தன. ஏழும் அடித்த வரிகள். உருப்படியாக ஒன்றுமில்லை.

"பதினேழு" என்றாள் நர்ஸ். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அடுப்புப் பக்கம் போவோம். மூணு பேருக்குக் காபி போடுங்க. பார்க்கணும்."

கதைக்காரம்மா அடுப்பருகே போனாள். தீக்குச்சியை முதலில் கிழித்து, பிறகு திருகைத் திறந்தாள். பாத்திரத்தின் பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பால் விளிம்புக்கு எழும்போது அணைத்தாள். நர்ஸ் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"காபி பிரமாதம். ஆனா அது மார்க்குல வராது" என்றவள், அடுப்புக்குப் பக்கத்துச் சிறு பலகையைப் பார்த்துவிட்டாள். "துணி மாட்டுற கிளிப் இங்க எதுக்கு? அடுப்புக்கிட்டயா துணி காயப்போடறீங்க?"

கதைக்காரம்மா கிளிப்பைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். துணி என்று சொன்னால் குற்றம் இன்னும் பெரிதாகும்.

"பக்கம் புரளாம இருக்க மாட்டறது" என்றாள். "பால் வச்சுட்டு படிப்பேன்."

"பால் வச்சது மறந்துடுமா?"

"மறக்காது. பொங்கற சத்தம் காதுல விழும். இந்தப் பாராவை முடிச்சுட்டு அணைப்போம்னு நினைப்பேன்."

"புகை வந்த அன்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை. நூத்தி எண்பத்தி மூணாம் பக்கம். ஒரு கலங்கரை விளக்கம். காவல்காரன் நாலு மாசத்துக்கு வீட்டைப் பூட்டிக்கிட்டு போறான். சாவி ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அவன் இடுப்புல. திரும்பி வந்து பூட்டுல சாவியைப் போடறான். உள்ளேர்ந்து யாரோ கதவை மூணு தரம் தட்டறாங்க."

"ஐயோ, யாருக்கா?" என்றாள் தங்கை.

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருந்தேன். தையல்காரர் வாளியோட வந்துட்டார்."

நர்ஸ் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். காவல்காரனின் மனைவி, படகுக்காரன், அவர்களுக்குள் இருந்த பழைய பகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கதைக்காரம்மா முதல் பக்கத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சாவியில் எத்தனை பல் என்பது வரைக்கும் சொன்னாள்.

"சரி" என்று நர்ஸ் எழுந்தாள். "மார்க் பதினேழுன்னாலும் இது மறதி இல்லை, படிவத்துல காரணம் எழுதிடறேன். மறதியா இருந்தா என் கையில ஒண்ணும் இல்லை. இது கெட்ட பழக்கம். ஆனா ஒண்ணு சொல்றேன்மா. தீக்கு மறதியும் ஒண்ணுதான், கதையும் ஒண்ணுதான். ரெண்டு வழி இருக்கு. தானா அணையற கரண்ட் கெட்டில் வாங்குங்க, பால்பவுடர் கலந்துக்கோங்க, புத்தகத்தைப் பக்கத்துலயே வச்சுக்கோங்க. இல்லை, இதே அடுப்பு, இதே பால். அடுப்படியில புத்தகம் கூடாது. எதுன்னு நீங்க சொல்லுங்க. ரெண்டு வாரம் கழிச்சு வருவேன். பாத்திரம் எதுவும் கருகியிருந்தா தங்கச்சி வீட்டுக்குத்தான் போகணும்."

"பால்பவுடர்ல காபியா? அதுக்கு நான் இவ வீட்டுக்கே போயிடலாம்."

"அடிப்பாவி! பால்பவுடருக்கு அடுத்த எடத்துலயா என்னை வச்சிருக்க?"

"அடுத்த எடம் இல்லைடி. கொஞ்சம் முன்னாடிதான்."

அக்காவும் தங்கையும் சிரித்து ஓய்ந்தும் நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள். நல்ல காபியா, அந்த அரைமணிப் புத்தகமா? இரண்டும் சேர்ந்ததுதான் அந்த அரைமணி. பிரித்தால் இரண்டும் பாதியாகும். ஆனால் ஒன்றுமே இல்லாமல் பார்லித் தண்ணீரோடு உட்காருவதைவிட இரண்டு பாதி மேல். கதைக்காரம்மா கிளிப்புகளைப் பிடுங்கித் தங்கை கையில் கொடுத்தாள். பலகையை ஆணியோடு பெயர்த்தாள்.

நர்ஸ் படிவத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படியிறங்கும்போது திரும்பி, "கதவைத் தட்டினது யாருன்னு முடிச்சதும் சொல்லுங்க" என்றாள்.

"நூலகத்துல இன்னொரு பிரதி இருக்கு. எடுத்துப் படி. ஆனா அடுப்பு பக்கம் வேண்டாம்."

தங்கை முணுமுணுத்துக்கொண்டு போனாள். புதுத் திரைக்கு அளவெடுத்தது வீண். ஆனால் போகும்போது அந்தக் கருகிய பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதைக்காரம்மா அடுப்படிக்கு வந்தாள். புத்தகம் உள்ளறையில், கதவும் சாத்தியிருந்தது. பாலைப் பாத்திரத்தில் ஊற்றினாள். தீப்பெட்டியை எடுத்தாள். அதன் முதுகில் நான்கு வரி பொடி எழுத்து இருந்தது. இரண்டாவது வரி போய்க்கொண்டிருக்கும்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. சுற்றிப் பார்த்தாள். பால் பை, உப்பு டப்பா, சோப்புத்தூள் பொட்டலம், காபித்தூள் டின் என எல்லாவற்றிலும் எழுத்து. ஒவ்வொன்றாக எடுத்து எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். சுவரிலிருந்த தேதிக் காலண்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.