எந்த மிருகத்துக்கு என்று கேட்ட லீலாபாய்

லீலாபாய் இறந்த செய்தி வந்தபோது வில்லேஜ் ஆபீஸில் நிலவரி கட்ட வரிசையில் நின்றிருந்தேன். போனில் பேசியவர் அவருடைய தங்கை மகன் ஜஸ்டின்.

"சார், பெரியம்மை மரிச்சுப்போனாவ. காலையில சாயா கேட்டாவ. போட்டுக் கொண்டு வாறதுக்குள்ள தல சாஞ்சுட்டு. நாளைக்கு அடக்கம். வருவியளா?"

வருகிறேன் என்றேன். பின்னால் நின்ற பெரியவர் யார் போனது என்று கேட்டார். தோக்குக் கடை லீலாபாய் என்றேன்.

"வல்லாத்த பொம்பளையாக்கும் அது. பந்துக்குக் காத்தடிச்சுத் தரும்போதே நமக்குப் பயமா இருக்கும்" என்றார்.

இந்த ஊர்களில் அவரைத் தெரியாதவர்கள்தான் இப்போது அதிகம். தெரிந்தவர்கள் இதைப் படித்தால் நான் விட்டுவிட்டதைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள்.

நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் போகும் ரோட்டில் மூன்று கதவு வைத்த கடை அவருடையது. தெற்கே பாறசாலை வரைக்கும் கிழக்கே அம்பூரி மலை வரைக்கும் அவ்வளவு பெரிய விளையாட்டுச் சாமான் கடை வேறு கிடையாது. முன்னால் கால்பந்தும் வாலிபால் வலையும் ஹாக்கி மட்டையும் தொங்கும். பின்னால் இரும்புக் கம்பி அடைப்புக்குள் துப்பாக்கிகள். எங்கள் பக்கத்தில் துப்பாக்கிக்குத் தோக்கு என்றுதான் பேர். அப்பா இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற அவர் நெடுநாள் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். மாற்றிக்கொண்டு வந்த அன்றே கம்பி அடைப்பின் சாவியைக் கழுத்துச் செயினில் சிலுவையோடு சேர்த்துக் கோத்துக்கொண்டார்.

கடைக்கு வருகிறவர் யாரானாலும் முதலில் ஸ்டூலில் உட்கார வேண்டும். "பந்து வாங்க வாறவனுக்கும் தோக்கு வாங்க வாறவனுக்கும் ஒரே ஸ்டூலாக்கும்" என்பார். பிறகு சாயா வரும். தோட்டா வாங்க வந்தவரென்றால், சாயா பாதி இறங்கியதும் ஒரு கேள்வி வரும்: "எந்த மிருகத்துக்காக்கும்?" மலையில் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டும் பன்றிக்கு ஒரு தோட்டா, வயலில் இறங்கும் புறாவுக்கு ஒரு தோட்டா. பன்றித் தோட்டாவுக்குள் பெரிய ஈயக் குண்டுகள் சில மட்டும் இருக்கும். புறாத் தோட்டாவுக்குள் கடுகு போலச் சிறிதாக ஏராளம்.

நான் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கடையில் ஒரு விபத்து நடந்தது. அம்பூரியிலிருந்து ரப்பர்த் தோட்டக்காரர் ஒருவர் விசை இறுகுகிறது என்று துப்பாக்கியைக் கொண்டுவந்தார். உள்ளே தோட்டா இருந்ததை மறந்துவிட்டார். கவுண்டரில் வைக்கும்போது அது வெடித்தது. வாலிபால் வலை வாங்க வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் தொடை கிழிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சிமெண்டுத் தரையில் ரத்தம் வாசல்படி வரை ஓடியிருந்தது. கால்பந்தின் உள்ளே வைக்கும் ரப்பர்ப் பையைக் கயிறாக முறுக்கி லீலாபாய் அவர் தொடையைக் கட்டியிருந்தார். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் கடைசிவரை நொண்டினார். அதற்குப் பிறகு வாசலில் ஒரு மணல் பீப்பாய் வந்தது. துப்பாக்கியோடு வருகிறவர் குழலை மணலுக்கு நேராகப் பிடித்து, நடுவில் மடக்கித் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். லீலாபாயும் துப்பாக்கியைத் திறந்த நிலையில்தான் கையில் கொடுப்பார். "தோக்கைக் கையில வாங்கினா ஒன் வாயை மூடு, தோக்கோட வாயைத் திற" என்று பெரிய அதிகாரிகளிடமும் சொல்வார்.

வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய காலம் அது. பேர்ஷியா என்போம். லைசென்ஸ் உள்ளவர்கள் போகும்போது துப்பாக்கியை இவர் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். விடுமுறைக்கு வந்த ஒருவர், செண்டு மணக்க, கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கடையில் இருந்த துப்பாக்கி ஒன்றைத் தோளில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறேன் என்றார். அவருக்கு லைசென்ஸே கிடையாது.

"போட்டோ ஸ்டுடியோ எதிர்த்தாப்புல உண்டு மக்கா. அங்க மரத் தோக்கு உண்டு, புலிப் படமும் உண்டு. புலி மேல காலு வச்சு எடுத்துக்கோ" என்றார் லீலாபாய். அவர் போய் அப்படியே எடுத்துக்கொண்டார்.

இனி சொல்லப்போவது பலருக்குத் தெரிந்த வழக்கு. தெரிந்தவர்களும் பாதிதான் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்குக் குடிசையும் சுற்றியுள்ள பத்து சென்டும் சொந்தம் என்று சட்டம் வந்தது. பாறசாலைக்கு அருகே ஒரு கிராமத்தில் பாஸ்கரன் என்ற பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் குடியிருந்த செல்லன் அப்படிப் பத்து சென்டு வாங்கினார். அவருடைய தம்பி கத்தாரில் கொத்தனார். தம்பி அனுப்பிய பணத்தில், பாஸ்கரனின் வாசலுக்கு நேர் எதிரே செல்லன் காங்கிரீட் வீடு கட்டத் தொடங்கினார். எழும்பிய சுவரைப் பாஸ்கரனின் ஆட்கள் இருமுறை இடித்தார்கள். வாழைகளை வெட்டிச் சாய்த்தார்கள். மூன்றாம் முறை வந்தவர்களில் ஒருவனின் தோளைச் செல்லன் வெட்டுக்கத்தியால் பிளந்தார். அவன் கை அதன்பிறகு மேலே எழும்பவில்லை. நான் இரண்டு தரப்பையும் பார்த்து எழுதினேன். வெட்டுப்பட்டவனைத் தூக்கிப்போன வழியில் இரண்டு வாசலிலும் மண் சிவந்து கிடந்தது.

காங்கிரீட் போட்டு முடிந்த வாரம் ஒருநாள் காலையில் பாஸ்கரன் லீலாபாயின் கடைக்கு வந்தார். லைசென்ஸ் சரியாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயாவைத் தொடவில்லை. பெரிய தோட்டா வேண்டும் என்றார்.

"எந்த மிருகத்துக்காக்கும்?"

"பன்னி."

"ஒங்க பக்கத்துல ஏது பன்னி? அம்பூரியிலயும் கள்ளிக்காட்டுலயும் இல்லியா பன்னி எறங்குது?"

"இப்ப எங்கிட்டயும் வந்தாச்சு. கேட்டுக்கு எதிர்ல கெடக்கு. காங்கிரீட்டு போட்டுக் கெடக்கு."

பன்றித் தோட்டாப் பெட்டி கவுண்டருக்கு அடியில் லீலாபாயின் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. "பெருசு தீந்துபோச்சு. புறாவுக்குள்ளதுதான் இருக்கு" என்றார்.

"அது போதுமா?"

"போதுமோ போதாதோ, இதுதான் உண்டு."

பாஸ்கரன் அதை வாங்கிக்கொண்டு போனார். இல்லை என்று திருப்பி அனுப்பினால் அடுத்த பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்ப் பெரியதை வாங்கிவிடுவார் என்று லீலாபாய் நினைத்தார். அந்தத் தகராறை என் செய்தியில் படித்திருந்தவர், செல்லனை எச்சரிக்கக் கிளம்பினார். ஆனால் துப்பாக்கிக் கடையை ஷட்டர் இழுத்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு துப்பாக்கியாகச் சங்கிலியில் கோத்து, எண்ணி, பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு பஸ் பிடித்தார். பாதி வழியில் எதிரே ஒரு ஜீப் ஹார்னை அடித்தபடி வந்தது. பின்சீட்டில் முகம் முழுக்கச் சிவந்த துண்டால் மூடிய ஒருவரின் தலையை ஒரு பெண் மடியில் வைத்திருந்தாள். செய்தியோடு வந்த படத்தில் பார்த்திருந்த அந்தப் பெண்ணை லீலாபாய்க்கு அடையாளம் தெரிந்தது. செல்லனின் மனைவி.

வாசலில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தவரைப் பாஸ்கரன் தன் கேட்டிலிருந்தே சுட்டிருந்தார். ஈயம் நெற்றியிலும் கன்னத்திலும் கழுத்திலும் பாய்ந்திருந்தது. இரண்டு கண்ணும் போயிற்று. பெரிய குண்டாக இருந்திருந்தால் தலையே இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் சொன்னார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது பாஸ்கரனின் வக்கீல் பிடித்துக்கொண்டது அதைத்தான். ஆளைக் கொல்ல நினைத்தவன் புறாத் தோட்டாவா வாங்குவான்? மிரட்டத்தான் சுட்டார், கொலை முயற்சி இல்லை. இது எடுபட்டால் பாஸ்கரன் சில மாதத்தில் வெளியே வந்துவிடுவார்; கண் தெரியாத செல்லனின் வாசலுக்கு எதிர் வாசலில் நிற்பார். அவர் கேட்டது பெரிய தோட்டா என்று தெரிந்த ஒரே சாட்சி லீலாபாய். அதைச் சொன்னால், எதற்கு என்று தெரிந்தே தோட்டா விற்றதையும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் போகும். போலீஸ் வாக்குமூலத்தில் அவர் விற்றதை மட்டும் சொல்லியிருந்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முந்தின வாரம், பட்டப்பகலில், பாஸ்கரனின் மருமக்கள் கடைக்குள் வந்தார்கள். கண்ணாடி அலமாரிகளை உடைத்தார்கள். தொங்கிய ஹாக்கி மட்டையில் ஒன்றை உருவி, கவுண்டரில் வைத்திருந்த லீலாபாயின் வலது கையில் ஓங்கி அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எதிர் ஸ்டுடியோவில் கேட்டதாம். "ரசீதுல உள்ளத மட்டும் சொல்லு, கேட்டியா" என்று சொல்லி, இன்னொரு அடியும் அதே கையில் அடித்தார்கள். பின்னால் அத்தனை துப்பாக்கி, கழுத்தில் சாவி. ஒன்றை எடுத்து நீட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன்.

"எடுத்தா வெடிச்சிருப்பேன். நீட்டிட்டு சும்மா நிக்க எனக்குத் தெரியாது" என்றார்.

கை மாவுக்கட்டோடு கூண்டில் ஏறினார். முன்வரிசையில் செல்லன், தன் மனைவியின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். லீலாபாய் கடையில் நடந்ததை அப்படியே சொன்னார்: கேட்டது, காங்கிரீட்டுப் பன்றி, அடியில் இருந்த பெட்டி. வக்கீல் எழுந்தார்.

"அப்போ நீங்க பொய் சொல்லி வியாபாரம் பண்ணுறவங்க?"

"அன்னைக்கு ஆமா."

"ஒரு மனுசனைச் சுடப் போறாருன்னு தெரிஞ்சுதான் தோட்டா கொடுத்தீங்களா?"

லீலாபாய் வக்கீலைப் பார்க்கவில்லை. செல்லன் இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார்: "தெரிஞ்சுதான்."

அந்த நாள் வரைக்கும் செல்லனுக்கு அது தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்த அக்கா என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கோர்ட் வாசலில் நான் இருவருக்கும் பக்கத்தில் நின்றேன். லீலாபாயின் குரல் கேட்டுச் செல்லன் நின்றார்.

"லீலாக்கா. நீங்க தராம இருந்திருக்கலாமே."

"தரலேன்னா பெருச வாங்கியிருப்பான். நீ செத்திருப்ப மக்கா."

"என் கண்ணுக்கு நீங்க வெல போட்டியளா?"

பதில் வருவதற்குள் செல்லன் கை ஓங்கி அடித்தார். குரல் வந்த திசையில் வீசிய கை காற்றில் போயிற்று; அவரே தடுமாறினார். சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். லீலாபாய் முன்னால் வந்தார். "இஞ்ச நிக்கேன்" என்றார். இரண்டாவது அடி கன்னத்தில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் மாவுக்கட்டின் மேல் சொட்டியது. செல்லனின் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். லீலாபாய் முகத்தைத் துடைக்காமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார்.

பாஸ்கரன் நெடுங்காலம் சிறைக்குப் போனார். அங்கேயே நோயில் விழுந்து இறந்தார். லீலாபாயின் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. ஒப்படைத்தவர்களுக்கெல்லாம் எழுதிப்போட்டு, வரவழைத்து, இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கித் திறந்து காட்டித் திருப்பிக் கொடுத்தார். "இனி ஒங்க தோக்கு ஒங்க தலவேதனை" என்றார். அந்த வலது கை விரல்கள் பிறகு முழுதாக மடங்கவில்லை. பந்தும் மட்டையும் விற்றே மீதி வாழ்நாளை ஓட்டினார். செல்லனின் வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை. செல்லனும் கடைப் பக்கம் வரவில்லை.

அடக்கத்துக்குச் செல்லன் வந்திருந்தார். தம்பி மகன் காரில் கொண்டுவந்தான். கல்லறைக் குழியின் ஓரத்தில் குனிந்து தடவி, மண்ணை அள்ளி உள்ளே போட்டார். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்தில் போய் என் பேரைச் சொன்னேன்.

"செல்லண்ணே, மன்னிச்சாச்சா?"

"அதெல்லாம் பேப்பர்காரனுக்கு வேண்டியது. நான் மண்ணு போட வந்தேன்." என் பக்கம் திரும்பினார். "அவிய அன்னைக்கு கோர்ட்டுல வாயைத் தொறக்கலேன்னா அவன் என்னை முடிச்சிருப்பான். எனக்குத் தெரியும். அவிய தோட்டா கொடுத்ததுனாலதான் பிள்ளைக மொகம் நான் காணல்ல. அதுவும் தெரியும். ரெண்டையும் வச்சுக்கிட்டுதான் இத்தன வருசம் சோறு தின்னேன்."

நாற்பது வருடம் நான் எழுதியதில் பெரும்பகுதி வெட்டும் குத்தும் துப்பாக்கிச் சூடும்தான். அடி விழும்போது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஓடுவார்கள், கையால் மறைப்பார்கள், திருப்பி அடிப்பார்கள். கண் போனவனின் கை மறுபடியும் காற்றில் போய், ஜனங்கள் மறுபடியும் சிரித்துவிடக் கூடாது என்று, முறிந்த கையோடு ஒருவர் முன்னால் வந்து முகத்தைக் கொடுத்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். அன்றைய செய்தியில் அதை நான் எழுதவில்லை. வழக்குக்கு அது தேவைப்படவில்லை. லீலாபாயிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.