கடைசிப் பக்கத்து மன்னிப்பு

பெண் பெயரில் காதல் நாவல் எழுதும் மீசைக்காரன் நான். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் கையில் என் நாவல். மருதாணி சிவந்த விரலால் கடைசிப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டினாள். அண்ணன் பெயரில் பேசிப் பழகிய தம்பியை நாயகி மன்னிக்கும் பக்கம் அது.

பாராட்டுக்கு ஆசைப்பட்டு, “கதை எப்படிங்க?” என்றேன்.

“நாளைக்கு எனக்கு நிச்சயங்க. மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு. அவருக்குப் பொண்ணுங்ககிட்ட பேச வராதாம். ஆறு மாசமா அவரு பேருல எங்கிட்ட போன்ல பேசுனது அவரு கூட்டாளியாம், நேத்துத்தான் தெரிஞ்சுச்சு. இவ மட்டும் எப்படிங்க ஒரே பக்கத்துல மன்னிச்சா? எழுதுன அக்காவைப் பார்த்தா கேக்கணும்.”

அந்த அக்கா பின்சீட்டில்தான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தாள். பதிப்பாளர் கொடுத்த பக்கக் கணக்கு தீர்ந்துபோனதால்தான் நாயகியை அவசரமாக மன்னிக்க வைத்திருந்தேன்.

புத்தகத்தைச் சீட்டிலேயே விட்டுவிட்டுத் திருமயத்தில் இறங்கிப் போனாள். நிச்சயம் நடந்ததா, இன்றுவரை தெரியவில்லை.