வரிக்கு ஒரு "ம்"

அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இருபத்தோரு வருஷம் பிழை திருத்தினார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற குறிப்புத்தாள்தான் அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது. நாத்தனார் மூலத்தைச் சத்தமாக வாசிப்பாள், கமா, முற்றுப்புள்ளி உட்பட. அண்ணி அச்சுப்படியில் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்து, வரி சரியென்றால் "ம்" என்பாள். அந்த "ம்" வராமல் அடுத்த வரி கிடையாது.

அண்ணி விழித்திருக்கிறாளா என்று பார்க்க, நாத்தனார் நடுவில் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றுவாள். "காய்ச்சல்" என்று இருக்கிற இடத்தில் "கல்யாணம்" என்பாள்.

"அதுக்கு மாத்திரை இருந்தா உங்கண்ணனைக் கட்டினப்பவே போட்டிருப்பேன். ஒழுங்கா வாசிடி," என்பாள் அண்ணி, தலை நிமிராமல். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. அச்சகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். அண்ணன் போனபிறகு வீட்டிலும் இவர்கள் இருவர்தான்.

அண்ணியின் நினைவிலிருந்து முதலில் எழுத்துகள் போயின. "வயிறுன்னு எழுத எந்த 'ர'டி வரும்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அவள் கைப்பைக்குள் ஒரு சின்ன நோட்டு வந்தது. "வீக்கம் - உப்பிக்கொள்வது. அரிப்பு - சொறியத் தோன்றுவது." நாத்தனார் அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. அன்றிலிருந்து மதிய இடைவேளையில், அண்ணி கை கழுவப் போகிற நேரத்தில், அவள் திருத்திய தாள்களை மறுபடி சரிபார்த்து வைத்தாள்.

ஒருநாள் அண்ணி சீக்கிரம் திரும்பிவிட்டாள். "சாப்பாட்டுக்கு முன்" என்று சரியாக இருந்ததை அடித்து "பின்" என்று அவளே எழுதியிருந்த தாள், நாத்தனார் கையில் இருந்தது.

"எத்தனை நாளா இது?"

"மூணு மாசமா, அண்ணி."

அண்ணி உட்கார்ந்தாள். "நீ வாசிக்கிறப்போ எது முன்ன, எது பின்னன்னு தெரியுது. பேனா வைக்கிறதுக்குள்ள போயிடுது. இதைப் பாத்து எவளோ ஒருத்தி பிள்ளைக்கு மருந்து குடுப்பா." பேனாவை மூடி நாத்தனார் பக்கம் தள்ளினாள். "முதலாளிகிட்ட எனக்குக் கண்ணு சரியில்லைன்னு சொல்லிடு. கழுகுக்குக் கண்ணு போச்சுன்னா பாவம்பாங்க. இது தெரிஞ்சா வேற மாதிரி பாப்பாங்க."

வீட்டில் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பழைய தாள்களைக் கொண்டுவரச் சொன்னாள். சாயங்காலம் நாத்தனார் வேலையிலிருந்து வந்ததும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். பேனா கிடையாது, அண்ணி விரலை ஓட்டுவாள், "ம்" என்பாள். நாத்தனார் எந்தச் சொல்லையும் மாற்றாமல்தான் வாசித்தாள். பயம்.

எட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அண்ணி நல்ல தெளிவாக இருப்பதுபோல் தெரிந்தது. நாத்தனாருக்கு ஆசை வந்துவிட்டது.

"மூன்று நாட்களுக்கு மேல் கல்யாணம் நீடித்தால், கமா," என்று வாசித்து நிறுத்தினாள்.

விரல் வரியின் கடைசிவரை நிதானமாகப் போய் நின்றது.

"ம்," என்றாள் அண்ணி.

நாத்தனார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்ட? அதான் சொல்லிட்டேன்ல. மேல வாசி."

"மருத்துவரை அணுகவும்," என்று வாசித்தாள் நாத்தனார். "முற்றுப்புள்ளி."