நாற்பத்தொரு கற்களும் ஏகாம்பரம் எழுதிய எண்களும்

ஏகாம்பரம் ஒரு கல்லைக்கூடத் திருடவில்லை. திருடியதாக எழுதி அவரை வேலையைவிட்டுத் துரத்தினார்கள். மாமல்லபுரம் பக்கம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

எழுபதுகளின் நடுவில், காலரா ஓய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் செங்கல்பட்டில் சைக்கிள் கடை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சிற்பம் பற்றித் தெரிந்ததெல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கற்றது. மாமல்லபுரத்தை ஒட்டியிருந்த ஒரு சிறிய சிற்பக் காட்சிச்சாலைக்கு ஞாயிறுதோறும் போய், ஒவ்வொரு கல்லின் அடையாளத்தையும் அதன் எண்ணோடு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஏகாம்பரம் அங்கே காவலாளி. வெள்ளிக்கிழமை அவர்மேல் விசாரணை என்று கேள்விப்பட்டு, புதனன்றே நோட்டோடு கிளம்பினேன்.

காலை 6.10 பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், தொண்ணூறு காசு. ஊசி போட்ட சீட்டைக் காட்டினால்தான் ஏற்றினார்கள். (சீட்டை மறந்து வந்த ஒருவர் அங்கேயே இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு ஏறினார்.) காட்சிச்சாலை திறந்திருக்கிறதா என்று நடத்துநரைக் கேட்டேன்.

"தொறந்துதான் கீது. யாரு போவாங்க அண்ணாத்த? பொணம் கெடந்த எடம்."

உண்மைதான். மருத்துவமனையில் இடமில்லாமல் ஒரு மாதம் நோயாளிகளைக் காட்சிச்சாலைக் கொட்டகையில் கிடத்தினார்கள். அங்கே வேலை செய்த நால்வர்தான் நோயாளிகளின் கழிவு வாளி தூக்கினார்கள். தோட்டக்காரர் செத்தார். பெருக்குகிற முனியம்மாவின் கணவரும் செத்தார். மிஞ்சியவர்கள் முனியம்மாவும் ஏகாம்பரமும். பிறகு, கற்களையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னார் அதிகாரி. தேய்த்ததில் அடியில் பெயின்டால் எழுதியிருந்த எண்கள் அழிந்தன. சாயங்காலத்துக்குள் மறுபடி எழுது என்று ஏகாம்பரத்துக்கு உத்தரவு. பதிவேடோ அதிகாரியின் பீரோவில்.

இங்கேதான் ஏகாம்பரம் தவறு செய்தார். தினமும் காலையில் வாசலில் தொடங்கி ஒவ்வொரு கல்லையும் தொட்டு எண்ணுவது அங்கே காவலாளியின் வழக்கம். அந்த வரிசையிலேயே ஒன்று முதல் நாற்பத்தொன்றுவரை எழுதிவிட்டார். பதிவேட்டில் இருந்ததோ கற்கள் வந்துசேர்ந்த வரிசை. ஏழு நந்தி என்றது பதிவேடு. ஏழு என்று எழுதியிருந்தது ஒரு தூண்துண்டில். கல்லை மாற்றி விற்றுவிட்டான் என்று எழுதினார் அதிகாரி. பாதிக் கற்களுக்குப் பதிவேட்டில் 'உடைந்த சிற்பம்' என்பதற்கு மேல் ஒரு விவரமும் கிடையாது. எதை வைத்துச் சரிபார்ப்பது?

நான் போனபோது ஏகாம்பரத்துக்கு உள்ளே அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே நின்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் இருக்கிறதா என்று நான் கேட்டது பிசகு.

"உன் கடையில சைக்கிள் மணிய எவனாவது தூக்கினாக்கூட உனுக்குத் தெரியாது மச்சான். என் கல்லுல ஒண்ணு போனா எனுக்குத் தெரியாதா?"

கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார் முனியம்மா. பார்வையாளரே இல்லையே, எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வூட்ல குந்திகினு இன்னா பண்றது? எங்க வூட்டுக்காரரு தொடச்ச கல்லு இங்கதானே கீது" என்றார்.

மதியம் இரண்டு மணிக்குள் முனியம்மாவும் நானும் நோட்டை வைத்து நாற்பத்தொரு கல்லையும் ஒப்பிட்டோம். ஒன்றும் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணையில் அதிகாரி நோட்டைப் புரட்டினார். என்ன படித்திருக்கிறாய் என்றார். சொன்னேன். சைக்கிள் கடைக்காரன் நோட்டெல்லாம் ஆதாரமாகாது என்று சொல்லி அதை மேசைக்குள் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை. ஏகாம்பரத்துக்கு வேலை போயிற்று. சதுரங்கப்பட்டினத்தில் கடைசிவரை மீன்கூடை சுமந்தார்.

அடுத்த மாதம் மறுபடி போனேன். கற்களில் புது எண்கள், எல்லாம் பதிவேட்டுக் கணக்குப்படி. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது என்ற இரண்டு எண்கள் மட்டும் கல் மாறியிருந்தன. வீட்டிலிருந்த என் பழைய குறிப்புத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நோட்டில் ஏற்றும்போது அந்த இரண்டையும் மாற்றி எழுதியவன் நான்தான். என் தப்பு என் நோட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆதாரமாகாது என்ற அந்த நோட்டைப் பார்த்துத்தான் எண் போட்டிருக்கிறார்கள்.

போகிறவர்கள் பத்து மணிக்கு முன்பே போங்கள். முற்றத்தில் நிழல் இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கள். பதினெட்டு என்ற எண் ஏன் இந்தக் கல்லில் இருக்கிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். இன்றைய அதிகாரி அந்த இரண்டு எண்களையும் மாற்ற வேண்டும். கல் எதுவும் களவு போகவில்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வாளி தூக்கிய நான்கு பேரின் பெயரையும் துறை அந்தக் கொட்டகைச் சுவரில் எழுத வேண்டும். ஏகாம்பரத்தின் மகளிடம் யாராவது நேரில் போய், உன் அப்பா திருடவில்லை என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும்.