எதிர்க்கடைக்குப் போனா மட்டும் ஆறிருதுங்க

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருங்கறது பாதி காதுல, பாதி உள்ளங்கையிலங்க. கண்ணுக்கு அதுல பெரிய வேலை இல்லை. என்ற கண்ணு ரெண்டு வருசமா எதிர்க்கடையிலயே கெடந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

நீங்க என்ன எதிர்பாத்து உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுங்க. ஷாக் அடிச்சுத் தூக்கி வீசுன கதை. பெட்டியத் தொறந்தா உள்ள எலி குட்டி போட்டிருந்த கதை. அருள்புரத்துல இருவது வருசத்துக்கு மேல கடை வெச்சிருக்கறவன், வர்றவன் போறவன் கொரலையெல்லாம் பேசிக் காட்டறவன், சிரிக்கச் சிரிக்க நாலு சொல்லாமயா போயிருவான்னு. எலிக் கதையும் இருக்குதுங்க. சொல்ல மாட்டேன். இது பொறாமைக் கதை. உங்க கடைக்கு எதுத்தாப்பல, உங்க மெசினுக்குப் பக்கத்து மெசின்ல, உங்க ஊட்டுக்கு அடுத்த ஊட்டுல, உங்களைவிட ஒருத்தன் நல்லா இருந்துட்டான்னா நீங்க என்ற கட்சி, நவுந்து உக்காருங்க. மத்தவிங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

லட்டு

செல்வின் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனிக்கு எலக்ட்ரீசியனா வந்தவன், நாலஞ்சு வருசம் இருந்துட்டு, எனக்கு நேர் எதுத்தாப்பல ரிப்பேர் கடை போட்டான். போடறதுக்கு மொத நாளு லட்டு டப்பாவோட வந்து நின்னான். "அண்ணாச்சி, நீங்க இருக்குத தைரியத்துலதான் இங்க போடுதேன். பெரிய வேலைன்னா உங்ககிட்டதான் கொண்டாருவேன்"ன்னான். திட்டறதுக்கு ஒரு காரணமாவது குடுத்தானா பாருங்க. லட்டும் நல்லா இருந்து தொலைச்சுது.

ஒரு மாசம் போச்சு. ஒரு நாள் மத்தியானம் ஒரு அம்மா ஆம்ப்ளிஃபயரை இடுப்புல தூக்கி வெச்சுட்டு, வேர்க்க விறுவிறுக்க என்ற கடைப் படியேறி வந்தாங்க. நான் எந்திரிச்சு, மேசைய ஒதுங்க வெச்சு, ஃபேனை அவிங்க பக்கம் திருப்பி, "குடுங்க, என்ன பண்ணுது பெட்டி"ன்னு ரெண்டு கையும் நீட்டுனேன். அந்தம்மா பெட்டியக் குடுக்கலை. கெட்டியாப் புடிச்சுட்டே சொன்னாங்க: "ஏனுங்க, எதுத்த கடைத் தம்பி சாப்புடப் போயிட்டாராட்ட இருக்குது. வெயிலா இருக்குதுங்க, அவரு வர்ற வரைக்கும் சித்த இங்க நின்னுக்கட்டுங்களா?"

கண்ணை மூடிட்டுக் கேட்டா

செல்வின்கிட்ட ஒரு பழக்கம். பெட்டிய வாங்குன ஒடனே தொறக்க மாட்டான். பேனாவைக் காதுல சொருகிட்டு, தலையைச் சாச்சு, கேள்வியா கேப்பான். எங்க வெச்சிருக்கிய? செவுத்துக்கும் பெட்டிக்கும் எம்புட்டு எடம் இருக்கு? மேல என்ன வெச்சிருக்கிய? பொண்ணு பாக்க வந்தவன் கூட அத்தனை கேக்க மாட்டானுங்க. நானெல்லாம் அப்பிடியில்லை. பெட்டி வந்துச்சா, ஸ்குரூவைக் கழட்டுனமா, மீட்டரை வெச்சமா, சால்டரிங் வாசம் வந்துச்சா. கஸ்டமருக்கும் அதுதான் மருவாதி.

டீக்கடை மணியக்கா கடையில அவனைப் பேசிக் காட்டுவேன். பேனாவச் சொருகுவேன். தலையைச் சாய்ப்பேன். மூணு எண்ணற நேரம் சும்மா இருப்பேன், அங்கதாங்க இருக்குது வித்தை. அப்பறம் அந்தப் பதமான கொரல்ல: "பெட்டிக்குக் காத்து இல்ல அண்ணாச்சி. மூச்சு முட்டுது, அம்புட்டுத்தான்." பெஞ்சுல இருக்கற அத்தனை பேரும் டீயக் கொட்டிக்குவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சிரிப்பாங்க. அந்த வசனம் எனக்கு நாக்குலயே ஒட்டிப் போச்சு. மணியக்கா மட்டும் வடிகட்டியத் தட்டிட்டே ஒரு நாள் சொல்லிப் போட்டாங்க: "அப்பிடியே அந்தத் தம்பி கொரலேதானுங்ண்ணா. கண்ணை மூடிட்டுக் கேட்டா, உங்களையும் நம்பலாம்னு தோணுது."

பெட்டிக்குச் சட்டை

செல்வின்கிட்ட இல்லாதது ஒண்ணு எங்கிட்ட வேணும்னு யோசிச்சேன். நம்மூரைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒரு பொருளையும் அம்மணமா உட மாட்டோம். மிக்சிக்குச் சட்டை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை, வாசிங் மெசினுக்குப் போர்வை. எல்லாம் பனியன் துணி. என்ற மச்சான் தையல் யூனிட் வெச்சிருக்கறான். அவங்கிட்ட ஒரு ஆர்டர் கேன்சலாகி, துணி மூட்டை மூட்டையாக் கெடந்துச்சு. பனி கொட்டற தேசத்துக் கொழந்தைகளுக்குன்னு ஓட்டுன ஃபிளீஸ் துணிங்க, உள்பக்கம் முயல்குட்டியாட்டம் பொசுபொசுன்னு இருக்கும். நானே அளவெடுத்து, ஓவர்லாக் அடிச்சு, கீழ சுத்தி எலாஸ்டிக் வெச்சு, நெஞ்சுல என்ற கடைப் பேரையும் போன் நம்பரையும் பிரிண்ட் போட்டு எறக்குனேன். முன்பக்கம் மட்டும் மடிச்சு உட்டுக்கலாம், நாப் திருகறதுக்கு.

ரிப்பேருக்கு வர்ற ஆம்ப்ளிஃபயர் அத்தனைக்கும் ஒரு சட்டை சும்மா. நானே மாட்டி, எலாஸ்டிக்க இழுத்து உட்டு, கொழந்தையக் குடுக்கற மாதிரிக் குடுப்பேன். எதிர்க்கடையில செல்வின் பேனாவும் காதுமா நின்னு பாப்பான். அவன் பாக்கறானான்னு நான் பாப்பேன். வாங்கிட்டுப் போன ஒரு அம்மா துணியக் கன்னத்துல வெச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்க: "எங்க ஊட்டுக்காரருக்கே இத்தனை நல்ல துணியில சட்டை இல்லீங்க."

என்னத்தைக் கழட்டறான்

அந்த வருசம் சூட்டுக் கேசுதாங்க சாஸ்தி. பெட்டிக்குள்ள ரிலேன்னு ஒண்ணு இருக்குது. சூடு தாங்காமப் போச்சுன்னா "டக்"குன்னு கழண்டுக்கும், பாட்டு நின்னுரும். ஆறுனாத்தான் மறுபடி பாடும். அந்த "டக்"கை நான் நாக்குல போட்டா ரிலேயே ஏமாந்துரும், அது வேற. வெசயம் என்னன்னா, நான் சரி பண்ணிச் சட்டை மாட்டி அனுப்புன பெட்டியெல்லாம் ஒரு வாரத்துல திரும்பி வருது. "அரை மணி நேரம் பாடுது, அப்பறம் கம்முனு ஆயிருதுங்க." கடையில தொறந்து வெச்சு ஓட்டுனா, காத்தால இருந்து பொழுது சாயற வரைக்கும் பாடுது. கரண்டைக் குத்தம் சொன்னேன். வெயிலைக் குத்தம் சொன்னேன். டூப்ளிகேட் டிரான்சிஸ்டர் விக்கறவனைச் சொன்னேன். துணி மட்டும் வாயில வரலை.

ரெண்டாந்தடவை வந்தவிங்க எங்கிட்டச் சொல்லாம எதிர்க்கடைக்குத் திரும்புனாங்க. அங்க போன பெட்டி ஒண்ணு கூட மறுபடி வரலை. டீ ஆறறதுக்குள்ள வேலைய முடிச்சுக் குடுக்கறான். புகை வரலை, சால்டரிங் வாசம் வரலை. என்ற வயிறுதான் பொகஞ்சுது. மெட்ராஸ்ல இருந்து ஏதோ மருந்து வாங்கித் தடவறான்னு நெனச்சேன். ஒரு நாள் அங்கிருந்து வெளிய வந்த ஆளை டீக்கடை ஓரமா மடக்கிட்டேன். என்னங்க போட்டாரு உள்ளன்னு கேட்டதுக்கு, அவரு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டே சொல்லிட்டுப் போனாரு: "போடறதுக்கு என்னங்க இருக்குது, கழட்டித்தான் உட்டாரு."

நான் ரெண்டு நாள் சோறு இறங்காம யோசிச்சேன். எந்தப் பார்ட்டைக் கழட்டறான்? ரிலேயையா? சூடானா நிறுத்தற சென்சரையா? அப்பிடின்னா திருட்டு வேலை, பெட்டி ஒரு நாளு பத்திக்கும். மணியக்கா கடையில அதையும் ஒரு வாரம் பேசுனேன். அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பத்திக்கிச்சுன்னு எவனாவது வந்தானுங்களாண்ணா?"

சண்முகண்ணன் பெட்டி

சண்முகண்ணன் நிட்டிங் யூனிட் முதலாளி. அவரு ஊட்டு ஆம்ப்ளிஃபயரு கடையில வாங்குனதில்லை, என்ற கையால கட்டுனது. டிரான்ஸ்ஃபார்மர் சுத்துனதுல இருந்து முன் தகடு வரைக்கும். பதினாறு வருசமா ஞாயித்துக்கெழமை சோறு உண்டுட்டு, பழைய பாட்டு போட்டுட்டு, அவரு கொறட்டை உடற வரைக்கும் அது பாடிட்டு இருந்துச்சு. எவன் எங்க போனாலும் சரி, அந்தப் பெட்டி எதிர்க்கடைப் படி ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா நான் கடையப் பூட்டிட்டு நூல் மூட்டை தூக்கப் போறதுதான் மருவாதி.

நாப் தேஞ்சுதுன்னு ஒருக்கா வந்தப்ப அதுக்கும் ஒரு சட்டை போட்டு அனுப்பியிருந்தேன். அது சூடாக ஆரம்பிச்சுது. மொதத் தடவை, சூட்டை இழுக்கற ஹீட் சிங்க் தகட்டுல காஞ்சு போன பேஸ்டை வழிச்சுப் புதுசு தடவுனேன். ரெண்டாந்தடவை டிரான்சிஸ்டரை மாத்தி, பயாஸ்னு சொல்ற உள் கரண்டைக் கொறச்சு வெச்சேன். மூணாந்தடவை பின்னாடி சின்ன ஃபேனே மாட்டுனேன். ஒவ்வொரு தடவையும் பழைய சட்டை அழுக்கா இருக்குதேன்னு புதுச் சட்டை வேற. முதலாளி பெட்டியாச்சே, டபுள் துணி.

நாலாவது வாரம் அவரே கடைக்கு வந்தாரு. எங்க பக்கம் கோவம் ஏற ஏற மருவாதியும் ஏறுங்க. ஸ்டூல்ல உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சு, கொழந்தைக படிப்பெல்லாம் விசாரிச்சுட்டு மெதுவாச் சொன்னாரு: "உங்களைக் குத்தம் சொல்லலீங்க. பெட்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் கண்ணாடி வந்துருச்சு. எதுக்கும் எதுத்தாப்பல தம்பிகிட்ட ஒருக்காக் காட்டிப் போடறனுங்க."

ஞாயித்துக்கெழமை

"கடைக்குக் கொண்டு போவாதீங்கண்ணா, ஊட்டுக்கே வந்து உக்காந்து பாக்கறேன்"னு கெஞ்சாத கொறையாக் கேட்டு, அந்த ஞாயித்துக்கெழமை போயிட்டேன். ஹால்ல பெட்டி சட்டையப் போட்டுட்டு சோக்கா உக்காந்திருந்துச்சு. பாட்டைப் போட்டோம். அண்ணன் சோபாவுல. அவரு யூனிட்ல மெசின் ஓட்டற பிகாஷ், ஒடிசாக்காரரு, ஏதோ சாம்பிள் துணி காட்ட வந்தவரு, ஒரு ஓரமா நின்னுட்டு இருந்தாரு. பத்து நிமிசம். இருவது நிமிசம். நான் பெட்டிய உட்டுக் கண்ணை எடுக்கலை. அண்ணன் என்ற மூஞ்சியப் பாத்துட்டு, பாவம்னு நெனச்சாரோ என்னமோ, "அந்தத் தம்பியாட்டம் பேசிக் காட்டுவீங்களாமே, ஒருக்காக் காட்டுங்க"ன்னாரு.

கேக்கோணுமா. எந்திரிச்சேன். டெஸ்டரை எடுத்துக் காதுல சொருகுனேன். தலையைச் சாச்சேன். மூணு எண்ணுனேன். "பெட்டிக்குக் காத்து இல்ல அண்ணாச்சி. மூச்சு முட்டுது, அம்புட்டுத்தான்."

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. சிரிச்சவரு என்னையத் தாண்டி வாசலைப் பாத்தாரு. திரும்புனா, செல்வின். அண்ணன்தான் அவனையும் வரச் சொல்லியிருக்கறாரு. செருப்பைக் கழட்டிட்டு, கையக் கட்டிட்டு, அவனும் சிரிச்சுட்டுத்தான் நின்னான். அந்த நேரம் பாத்து, பின்னாடி இருந்து பெட்டி அதும்பங்குக்கு ஒண்ணு போட்டுச்சு. "டக்." என்னைவிடக் கணக்கா. பாட்டு நின்னு போச்சு.

செல்வின் உள்ள வந்து, "அண்ணாச்சி பாத்திட்டு இருக்காவல்லா, நான் என்னத்தப் பாக்க"ன்னு சொல்லிட்டே, பெட்டி மேல இருந்த சட்டைய மெதுவா மேல தூக்குனான். எனக்குச் சுருக்குன்னு ஏறுச்சு. என்ற கடைப் பேரு போட்ட சட்டையில இவனுக்கென்ன கை. "தூசி அடிக்கும் தம்பி, உடுங்க"ன்னு வெடுக்குன்னு புடுங்கி மறுபடி மாட்டி, எலாஸ்டிக்க நாலு பக்கமும் இழுத்து உட்டேன். அவன் அண்ணனைப் பாத்தான், தரையப் பாத்தான், காதுல இருந்த பேனாவை எடுத்துப் பையில வெச்சான்.

பிகாசுக்குத்தான் பொறுக்கலை. கிட்ட வந்து, துணிய ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்து, என்ற மூஞ்சிக்கு நேராச் சொன்னாரு: "அண்ணா, இது நான் ஓட்டுன ஃபிளீஸ். ஐஸ் விழுற ஊருக்குத் துணி. நீங்க அந்த அண்ணன் மாதிரி பேசறது கரெக்டு, காத்து இல்லே, மூச்சு முட்டுது. நீங்கதானே ஸ்வெட்டர் போட்டு விட்டது?"

மறுநாளு செல்வின், அவங்கடையில கழட்டுன சட்டை முப்பத்தி மூணையும் தொவைச்சு மடிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். அதுல ஒண்ணை எடுத்துத்தான் தெனமும் காத்தால கடைக் கண்ணாடியத் தொடைக்கறனுங்க, எதிர்க்கடை முன்னைக்கு இப்ப இன்னும் பளிச்சுன்னு தெரியுது.